கிழக்கே பார்த்த காவல்

"ஒரே ஒரு நாள் மட்டும் நின்னுக்கிடுதேன் சார்" என்று என் அண்ணன் கேட்டபோது, டாக்டர் அவர் பாதத்தில் இருந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு நாணயத்தின் அகலத்துக்குப் புண். சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. முள் குத்தியதுகூடத் தெரியாமல் நாலு நாள் வயலில் நடந்திருக்கிறார்.

"எதுக்கு நிக்கணும்?" என்றார் டாக்டர்.

"மாசி மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழமை. ஊர்க்காவல்."

"எவ்வளவு நேரம்?"

"பொழுது விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும். செருப்புப் போடக் கூடாது."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்க டீச்சர்தானே, எடுத்துச் சொல்லுங்க. அப்படி நின்னா அதுக்கப்புறம் இங்க வர வேண்டாம். திருநெல்வேலிக்குத்தான் போகணும். அங்க கட்டுப் போட மாட்டாங்க, காலை எடுப்பாங்க" என்றார்.

எடுத்துச் சொல்வதில் எனக்கு முப்பத்தோரு வருஷ அனுபவம். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். அதனால் டாக்டர் அறையில் இருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஆட்டோவில் அவர் வாயே திறக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தக் காவல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊர். வானம் பார்த்த பூமி. ஊர்ப் பேரைச் சொன்னால் பக்கத்து ஊர்ப் பேரையும் சொல்ல வேண்டியிருக்கும், அது இந்தக் கதைக்கு வேண்டாம். பாளையக்காரர்கள் காலத்தில் எங்கள் ஊர் ஒரு பாளையத்திலும், கிழக்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் இன்னொரு பாளையத்திலும் இருந்தன. இரண்டு பாளையத்துக்கும் ஆகாது. மாசி மாசம் களத்தில் தானியம் குவிந்து கிடக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஊர்ப் படை கொள்ளையடிக்க வந்ததாம். எங்கள் முன்னோர் ஒருவர் கிழக்கு எல்லையில் தனியாளாக நின்று வெட்டுப்பட்டுச் செத்தாராம். எந்த வருஷம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. செத்தவர் குடும்பத்துக்குப் பாளையக்காரர் நாலு ஏக்கர் நிலம் விட்டார். உதிரப்பட்டி என்று பேர். சிந்திய ரத்தத்துக்குக் கொடுத்த நிலம். அந்த நிலத்தை அனுபவிக்கிற மூத்த வீட்டு மூத்த ஆம்பிளை, வருஷா வருஷம் அதே நாளில் எல்லைக்கல் பக்கத்தில் கையில் வேல்கம்போடு கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது, திரும்பக் கூடாது. எங்கள் அப்பா நின்றார். அவர் படுத்த பிறகு முப்பத்தெட்டு வருஷமாக அண்ணன் நிற்கிறார்.

நான் பாடம் நடத்திய புத்தகங்களில் போர் என்றால் இரண்டு ராஜா, ஒரு வருஷம், ஜெயித்தது யார், தோற்றது யார். அதோடு முடிந்துவிடும். போர் முடிந்த பிறகும் அது ஒரு ஊரை எப்படிப் பிடித்து வைத்திருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கட்டிக்கொடுத்து வெளியூர் போன பிறகுதான் எனக்கே கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் கிழக்கு வாசல் கிடையாது. ஊரெல்லாம் வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசல் வைக்கிற காலத்திலும், போன வருஷம் பெரிதாக வீடு கட்டிய துபாய்க்காரப் பையன்கூடத் தெற்கே பார்த்துத்தான் வைத்தான். கேட்டால் "நம்ம ஊர்ல அப்படித்தான் அத்தை" என்கிறான். படை வந்தால் முதலில் மாட்டைத்தான் ஓட்டிக்கொண்டு போவார்களாம். அதனால் பழைய வீடுகளில் மாட்டுத் தொழு வெளியே இருக்காது. மாடும் மனுஷனும் ஒரே நிலைப்படியில்தான் நுழைய வேண்டும். தெருக்கள் இரண்டு பேர் சேர்ந்து வர முடியாத அகலம், பத்தடிக்கு ஒரு திருப்பம். குதிரை நுழையக் கூடாது என்று போட்ட தெருவில் இன்றைக்கு ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை. எங்கள் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினோம். பிழைக்கவில்லை. வெட்டுப்பட்டவர்களின் பட்டியலில் அவரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கிழக்கு ஊரில் பெண் கொடுக்கிறதும் இல்லை, எடுக்கிறதும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. இதையெல்லாம் கேலி பேசுவதில் நான் முதல் ஆள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஊரில் இருந்து ஒரு ஆசிரியை மாறி வந்தார். நல்ல மனுஷி. ஒரு வெயில் நாளில் எல்லாருக்கும் மோர் கொண்டு வந்து கொடுத்தார். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லித் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன். எனக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. முதுகலைப் பட்டம் வாங்கியவள், மறு பீரியடில் போய் உலகப் போர் நடத்தினேன். அந்த அம்மா மாற்றலாகிப் போகிற வரைக்கும் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

அண்ணன் கதை இன்னும் மோசம். இருபது வயதில் அவர் திருநெல்வேலிக்குப் போய் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் ஓடி, தாண்டி, நெஞ்சளவு கொடுத்துத் தேறிவிட்டார். கடிதமும் வந்துவிட்டது. அப்பா அதைப் படித்துப் பார்த்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீ பட்டாளத்துக்குப் போயிட்டா இங்கன யாரு நிக்கது?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். துப்பாக்கி பிடிக்கத் தேறிய ஆள் வேல்கம்பைப் பிடித்துக்கொண்டு ஊரிலேயே நின்றுவிட்டார். வருஷத்தில் ஒரு நாள் நிற்பதற்காக மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் கரிசலோடு கிடந்தார். பருத்தி போட்டார், உளுந்து போட்டார், மழை பெய்தால் சிரித்தார். அவருக்கு இரண்டு மகள்கள், இரண்டும் ஓசூரில். பங்காளி வீட்டுப் பையன்கள் எல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர். காவலை மாற்றிவிட ஆள் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு அது எந்தச் செவ்வாய் என்றே ஞாபகம் இல்லை. அண்ணன் நின்றால் சாயங்காலம் எல்லைக்குப் போய்ப் பொங்கல் வாங்கிச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். நிற்காமல் போனால் ஒருத்தரும் வந்து ஏன் என்று கேட்கப் போவதில்லை.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற சங்கரன்கோவிலுக்கு வருவார். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போவார். சோற்றைப் போட்டுக்கொண்டே திட்டினேன்.

"பாளையக்காரன் போயிட்டான். அவனைத் தூக்குல போட்ட வெள்ளைக்காரனும் போயிட்டான். இன்னும் யாரு வருவான்னு நிக்கீயண்ணே? இத்தனை வருசத்துல ஒருத்தனாவது வந்தானா?"

"நான் நின்னேன், வரலை" என்றார்.

இதைப் போட்டு உடைக்க எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "கால் போனா என்னண்ணே செய்வீய?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் என் கையில் இருந்த கரண்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "அழாதட்டி. அன்னைக்கு ஒரு நாள்தான, ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்குப் பயம் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா சாகும்போது வேல்கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செத்தார். அந்தக் கையை விலக்க என்னால் முடியாது.

வழி வேறு பக்கம் திறந்தது. கட்டுப் போடுகிற அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு உண்டு. எல்லாரும் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் துணிக்கட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் நான் அண்ணனை உள்ளே விட்டுவிட்டு நின்றபோது கட்டுப் போடுகிற நர்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டாள்.

"அதென்ன தாத்தா, எல்லாரும் மாசி செவ்வாக்கெழமையே நிக்கணுங்கீய? இப்பத்தான் வெளிய இருக்க தாத்தா கேட்டாவ, நீங்களும் அதையே கேக்கீய!"

அண்ணன் கழுத்தைத் திருப்பி வாசல் வழியே பார்த்தார். பெஞ்சின் ஓரத்தில் ஒல்லியாக, வெள்ளை மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மடியில் காப்பிப் பிளாஸ்கோடு இருந்தார். அண்ணன் கட்டுப் போட்டதும் நொண்டிக்கொண்டே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு வே?"

அவர் ஊர்ப் பேரைச் சொன்னார். கிழக்கு ஊர்.

அண்ணன் தன் ஊர்ப் பேரைச் சொன்னார். இரண்டு கிழவர்களும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அண்ணனை எழுப்பிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன்.

"நீரு எதுக்கு நிக்கீரு?" என்றார் அண்ணன்.

"நீங்க வந்திரக் கூடாதுன்னுதான்" என்றார் அவர்.

"நாங்க எதுக்கு வே வாரோம்? நீங்கள்லா வருவீய?"

"நாங்க எங்க வந்தோம்? மாசி மாசம் களத்தைக் கொள்ளையடிக்க நீங்கள்லா வந்தீய! எங்க பாட்டன் ஒத்தையில நின்னு வெட்டுப்பட்டாரு. அதுக்குத்தான எங்களுக்கு நிலம் விட்டாவ."

"எத்தனை ஏக்கர்?"

"மூணு."

"எங்களுக்கு நாலு" என்றார் அண்ணன், சற்றுப் பெருமையாக.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். இரண்டு ஊரும் ஒரே நாளில், ஆறு கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று எதிரே ஒரு ஆளை நிறுத்தி வைத்திருக்கின்றன. எங்கள் ஆள் கிழக்கே பார்த்து, அவர்கள் ஆள் மேற்கே பார்த்து. ஒன்றுக்குத் தெரியாமல் மற்றொன்று. இருவரும் எதிரி வருவான் என்று நின்றிருக்கிறார்கள். எதிரியோ அவன் ஊர் எல்லையை விட்டு நகர முடியாமல் அங்கே நின்றுகொண்டிருக்கிறான். யார் முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் படித்த எதிலும் அந்தச் சண்டை இல்லை. அவ்வளவு சின்னச் சண்டை.

"எனக்குக் காலம்பற வெயில் மூஞ்சியில அடிக்கும். கண்ணு பூத்துப் போவும்" என்றார் அண்ணன்.

"எனக்குச் சாயந்தரம். மத்தியானம் தாண்டிட்டா ஒண்ணுந் தெரியாது. யாராவது வந்தாலும் பக்கத்துல வந்தாத்தான் தெரியும்" என்றார் அவர்.

அதற்கு இருவரும் சிரித்தார்கள். அவர் மனைவி பிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு தம்ளரில் காப்பி ஊற்றி நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் வாங்கிக் குடித்தார். நானும் வாங்கினேன். இனிப்புப் போடாத காப்பி, ஆறிப்போயிருந்தது. மோரை மறுத்தது ஞாபகம் வந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வருகிற மாதிரி நாளை மாற்றிக்கொண்டார்கள். கட்டுப் போட அரை மணி நேரம், பேச இரண்டு மணி நேரம். அவர் மகன் சிங்கப்பூரில் இருந்தான். அவருக்கும் காவலை மாற்றிவிட ஆள் இல்லை. அவரை மில் வேலைக்கு அனுப்பாமல் அவர் அப்பா நிறுத்தி வைத்திருந்தார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. செத்துப்போன இரண்டு பாளையக்காரர்களையும் எழுப்பிக் கொண்டுவந்து அந்த பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது.

நான்தான் பேச்சை எடுத்தேன். "ரெண்டு பேரும் இந்த வருசம் வரலைன்னு வாக்குக் குடுத்துக்கிட்டா நிக்கவே வேண்டாம்லா?" என்றேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர்கள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எங்க ஊர்ல இருந்து ஒருத்தன் தாண்ட மாட்டான். இது என் வாக்கு" என்றார்.

"எங்க ஊர்ல இருந்தும் ஒருத்தன் வர மாட்டான்" என்றார் அவர். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் சாட்சி. அவள் "அப்படிப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். சர்க்கரை போடாமல் அண்ணனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

செவ்வாய்க்கு நாலு நாள் இருக்கும்போது கிழக்கு ஊர்க்காரர் கட்டுப் போட வரவில்லை. அவர் மனைவிக்கு போன் போட்டோம். கால் கறுத்துவிட்டது, காய்ச்சல், திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அண்ணன் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டேன். "ஆறுதல் சொன்னேன்" என்றார். எனக்கு அவர் முகம் சரியாகப் படவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. அண்ணன் மனைவி, எங்கள் மதினியிடம் பேசினால், "நல்லாத்தான் இருக்காவ, என்கிட்ட ஒண்ணும் சொல்லலை" என்றார். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினேன். வழி நெடுக அவரை என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வேல்கம்பு வைத்திருக்கிற சாமி மாடத்தைப் பார்த்தேன். வேல்கம்பு இல்லை.

மதினி அடுப்படியில் இருந்து வெளியே வந்தார். "விடியக்காலையிலயே போயிட்டாவ. நான் சொன்னா கேக்காவளா?" என்றார். கண் சிவந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் கிழக்குப் பக்கம் நடந்தேன். அந்த அரைக் கிலோமீட்டரும் அவர் காலைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டின கால் அது. வாக்காவது வாக்கு, மண்ணாங்கட்டி. ஒரு பக்கத்து ஆள் வரலை என்று சொன்னால் அதை நம்பி வீட்டில் கிடக்க இந்த ஆம்பிளைகளுக்கு இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். காற்றாலைக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லைக்கல் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காலில் டாக்டர் கொடுத்த மெத்தென்ற செருப்பு. புண் காலைக் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் தூக்கி வைத்திருந்தார். வேல்கம்பு மரத்தில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில். நான் நேராக நடந்து போக, அவர் நேராக என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முதுகு கிழக்கே இருந்தது. மேற்கே, எங்கள் ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"சத்தம் போடாத. உக்காரு."

"வாக்குக் குடுத்தாச்சுல்லா? பெறவு எதுக்கு இங்கன வந்தீய?"

"வாக்குக் குடுத்ததுனாலதான் வந்தேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த மனுஷன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். செவ்வாய்க்கிழமை காலையில் காலை எடுக்காவிட்டால் விஷம் முழங்காலுக்கு ஏறிவிடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவரோ செவ்வாய்க்கிழமை நான் ஊர் எல்லையில் இருக்க வேண்டும், புதன்கிழமை எடுங்கள் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். வாக்குக் கொடுத்ததெல்லாம் சரிதான், ஆனால் அவன் ஊர்க்காரன் எல்லாருமா வாக்குக் கொடுத்தான், யாராவது ஒருத்தன் வந்துவிட்டால் எங்கள் எல்லையில் ஆள் இல்லையே என்று மனைவியிடம் புலம்பியிருக்கிறார்.

"நான் சொன்னேன், உம்ம ஊருக்கு இந்த வருசம் நான் காவல் வே, நீரு தைரியமா உள்ள போரும்னு. எங்க ஆளு எவன் தாண்டுனாலும் என்னைத் தாண்டித்தான் போவணும்னேன். அதுக்குப் பெறகுதான் கையெழுத்துப் போட்டாரு."

"அதுக்கு உக்காந்தாப் போதுமா?" என்று கேட்டேன்.

"கெழக்க பாத்து நிக்கிறவனுக்குத்தான் உக்காரக் கூடாது, திங்கக் கூடாதுன்னு சட்டம். மேக்க பாத்து உக்காரக் கூடாதுன்னு எந்தப் பாட்டன் சொல்லிட்டுப் போனான்? அப்படி ஒருத்தன் உக்காருவான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். டிபன் டப்பாவைத் திறந்து இட்லி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பகல் முழுக்க எல்லைக்கல்லை ஒட்டிப் போகிற ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது கோவில்பட்டிக்குப் போகிற குறுக்கு வழி அது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பைக்கில் வந்து நிறுத்தினான்.

"என்ன பெரியப்பா, திரும்பி உக்காந்திருக்கீய?"

"எங்கல போற?"

"மோட்டாருக்கு பேரிங் வாங்க."

"போயிட்டு வா. வழியில அந்த ஊருக்குள்ள யார்ட்டயும் வம்பு தும்பு வச்சுக்கிடக் கூடாது, கேட்டியா?"

அவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். அண்ணன் அவன் தலை மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பூசாரி வந்தார். முறை கெட்டுப் போச்சே என்று முணுமுணுத்தார். நான் ஒரு முறை முறைத்தேன். பொங்கல் வைக்க விறகு பார்க்கப் போய்விட்டார்.

நாலு மணிக்கு என் போன் அடித்தது. கிழக்கு ஊர்க்காரரின் மனைவி. குரல் கம்மிப்போய் இருந்தது. காலையிலேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது, கணுக்காலுக்கு மேலே எடுத்திருக்கிறார்கள், இப்போதுதான் கண் விழித்தார், கால் எங்கே என்று கேட்கவில்லை, அண்ணாச்சியைக் கூப்பிடு என்கிறார் என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் பக்கம் நீட்டினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்.

"யாரும் வரலையே?"

"ஒரு ஈ காக்கா தாண்டலை வே. நான் இருக்கேம்லா" என்றார் அண்ணன்.

"நிக்கீரா? உம்ம காலு என்னத்துக்கு ஆவும்?"

"நிக்கலை. எங்க ஊரைப் பாத்து உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் யோசிப்பது தெரிந்தது. "அப்பம் எங்க பக்கம் உம்ம முதுகா இருக்கு?"

"ஆமா."

"காலையில இருந்தா?"

"ஆமா வே."

அழுகைச் சத்தம் கேட்டது. வயசான ஆம்பிளை அழுகிற சத்தம், அடக்கத் தெரியாத அழுகை. அந்த அம்மா போனை வாங்கி, "தூங்கட்டும் அண்ணாச்சி. மூணு நாளா கண்ணை மூடலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "போன் பண்ணியாச்சு, சொல்லியாச்சு. எந்திரிங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"பொழுது அடையட்டும்" என்றார்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெயில் இப்போது எங்கள் முகத்தில் அடித்தது. கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இருந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தேன்.